குழந்தைகளோடு ஏரிக்கரை விடுதியில் இரண்டு இரவுகள்: மன்னவனூர்ப் பயணத்தைத் திட்டமிடும் முறை

கொடைக்கானல் நகரத்து ஏரி வார இறுதியில் வாகனங்களாலும் கூட்டத்தாலும் திணறிப் போகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மன்னவனூரும், அதையடுத்த கூக்கால், பூண்டி, கவுஞ்சி ஆகிய மேல்மலை ஊர்களும் இன்னும் அமைதியாகவே இருக்கின்றன. புல்வெளியும் சோலைக்காடும், பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களும், நடுவே ஏரியும் உள்ள அந்தப் பகுதியில் சிறு விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் உண்டு. ஆனால் அங்கே தனிமை கிடைக்கிறது என்றால் மருத்துவமனை, பெட்ரோல் பங்க், ஏடிஎம், கைபேசி சிக்னல் எல்லாமே தள்ளிப் போகின்றன என்பதும் அதற்குள் அடக்கம். ஆகவே முதல்முறை போகும் குடும்பம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் ஒத்திப்போடாமல், வீட்டிலேயே திட்டத்தை முடித்துவிட வேண்டும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

ஓர் இரவு மட்டும் தங்குவதற்காகக் குழந்தைகளை இவ்வளவு தூரம் அழைத்துச் செல்லாதீர்கள். மதுரையிலிருந்து கிளம்பினாலும் வத்தலக்குண்டு மலைப்பாதை, கொடைக்கானல், பூம்பாறை வழியாக மன்னவனூர் போய்ச் சேர அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை போய், சனிக்கிழமை முழுவதும் தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவதே சரியான கணக்கு. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் குழந்தைகளுக்கு ஏற்றவை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையால் மண்சரிவும் மரம் விழுவதும் நேரக்கூடும் என்பதால், முன்பணத்தைத் திருப்பித் தராத விடுதியில் அம்மாதங்களில் பணம் கட்டக் கூடாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். கைக்குழந்தை இருந்தால் அந்த மாதங்களையும் தவிர்ப்பது நல்லது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. கட்டணம் இல்லை. ஆனால் 2025 கோடையில் வார இறுதி நாளுக்கு 6,000 வாகனங்கள், மற்ற நாளுக்கு 4,000 வாகனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டதால், கோடையில் போவோர் முதலில் பாஸின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் அறைக்கு முன்பணம் அனுப்ப வேண்டும்.

படி 2: விடுதிக்காரரிடம் கேட்க வேண்டியவை

இணையத்தில் உள்ள புகைப்படங்கள் ஏரியைக் காட்டும். வாசற்படிக்கும் தண்ணீருக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதைக் காட்டா. ஆகவே தொலைபேசியில் அழைத்து நேரடியாகக் கேளுங்கள். தண்ணீர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, நடுவே வேலியோ பூட்டக்கூடிய கேட்டோ உண்டா, அறைக் கதவின் மேல்தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா, வராந்தாக் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே சிறு குழந்தை நுழைந்துவிடுமா, இரவில் யாராவது பொறுப்பாளர் தங்குவாரா, வெந்நீருக்கு என்ன ஏற்பாடு, மின்சாரம் போனால் என்ன செய்வார்கள், வாசல்வரை சாதாரணக் கார் வருமா அல்லது ஜீப் மாற வேண்டுமா, எந்த நிறுவனத்தின் சிம்முக்கு அங்கே சிக்னல் கிடைக்கும் என்பவையெல்லாம் கேட்டே தீர வேண்டியவை. விடுதிக்கு முறையான அனுமதி இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேட்கலாம். இத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவர், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் கதவைத் திறப்பார் என்று நம்பலாம். சலித்துக்கொள்பவரின் விடுதியை, ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

படி 3: எடுத்து வைத்தல்

ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் மெல்லிய உடைகள், காதை மூடும் குல்லா, காலுறைகள் ஆளுக்கு மூன்று ஜோடி, மழைக்கோட்டு, டார்ச் இரண்டு ஆகியவை போதும். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டில்களைக் கொண்டு செல்லுங்கள். மருந்துப் பையில் பாராசிட்டமால் சிரப், அதை அளக்கும் மூடி, தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பொட்டலங்கள், கட்டுத்துணி, குழந்தை வழக்கமாக எடுக்கும் மருந்துகள் ஆகியவை இருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையிலேயே இருக்கட்டும். குழந்தையின் தற்போதைய எடையையும், அந்த எடைக்கு உங்கள் மருத்துவர் சொன்ன மருந்தளவையும் ஒரு தாளில் எழுதிப் பையில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் அது நினைவுக்கு வராது.

அரிசி, பருப்பு, பால் பவுடர், ரவை ஆகியவற்றை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டால், காய்கறியையும் மலைப்பூண்டையும் பூம்பாறையில் வாங்கிக்கொள்ளலாம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் காரமும் மணமும் தனி.

படி 4: மலையேற்றம்

வளைவுகளில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக இட்லி போன்ற எளிய உணவைக் கொடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கைபேசியை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் திரையிலே நிலைத்திருக்க, உள்காது மட்டும் வளைவுகளை உணர்வதால்தான் குமட்டல் வருகிறது. காது அடைத்தால் மிட்டாயைச் சப்பி விழுங்கினால் போதும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுக்கலாம். டேங்கை நிரப்புவது, பணம் எடுப்பது, வீட்டாருக்கு விடுதியின் இருப்பிடத்தை அனுப்புவது ஆகிய மூன்றையும் கொடைக்கானலிலேயே முடித்துவிடுங்கள். அங்கிருந்து மன்னவனூருக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மாலையில் மூடுபனி இறங்கும். காட்டுமாடுகளும் சாலைக்கு வரும். எனவே ஐந்து மணிக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டும்.

படி 5: சேர்ந்த முதல் அரை மணி நேரம்

பெட்டியைப் பிரிக்கும் முன் இந்த வேலையைச் செய்யுங்கள். பெற்றோரில் ஒருவர் குழந்தைகளை அறையில் வைத்துக்கொள்ள, மற்றவர் ஒரு கம்போடு கரை நெடுக நடந்து பார்க்க வேண்டும். மேலே புல்லாகத் தெரிவது பல இடங்களில் சேறாக இருக்கும். கம்பை ஊன்றினால் எங்கே இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். எந்த இடத்தில் ஆழம் சட்டென்று கூடுகிறது, எங்கே நீர்ச்செடிகள் அடர்ந்துள்ளன என்பதை விடுதி ஆளிடம் கேட்டறியுங்கள். பிறகு குழந்தைகளை அழைத்துப் போய், தண்ணீரிலிருந்து சுமார் பதினைந்து அடி தள்ளி ஒரு மரத்தையோ பாறையையோ எல்லையாகக் காட்டி, அப்பா அல்லது அம்மாவின் கையைப் பிடிக்காமல் அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள். அவர்களையே அந்த விதியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதும் இல்லை. மூச்சுக்குப் போராடும்போது கூப்பிடுவதற்கு மூச்சு மிஞ்சாது. ஓரிரு நிமிடங்களில், அடுப்பில் பால் பொங்குவதற்குள், எல்லாம் முடிந்துவிடும். இதனால்தான், எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிலை ஆபத்தானது. கரைக்குப் போகும்போதெல்லாம் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் கைபேசியைத் தொடக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை, இப்போது உன் முறை என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மேல்மலை ஏரியின் தண்ணீர் வெயில் நேரத்திலும் கடுங்குளிராக இருக்கும். திடீரென்று விழுந்தால் மூச்சை அறியாமல் உள்ளிழுக்க வைக்கும் அந்தக் குளிர், நகரத்து நீச்சல் குளத்தில் நன்றாக நீந்தும் பையனையும் திணற வைத்துவிடும். ஆகவே இந்த ஏரியில் குளிப்பதைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுங்கள்.

மன்னவனூர் ஏரியில் வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பகுதியில் பரிசல் ஓட்டம் உண்டு. ஏறுமுன் லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வார்களையும் இறுக்கி, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். குழந்தையின் வாயும் மூக்கும் ஜாக்கெட்டுக்குள் புதைந்தால் அது பெரிய அளவு. வேறு கேளுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள்.

படி 6: சனிக்கிழமையை வெறுமையாக விடுதல்

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு வேலைகளுக்கு மேல் வைக்காதீர்கள். மன்னவனூரிலேயே மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. அனுமதிக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால், ஆடுகளையும் முயல்களையும் பார்த்துக்கொண்டே குழந்தைகள் ஒரு காலைப்பொழுதைக் கழித்துவிடுவார்கள். மாலையில் கரையோரம் எல்லைக்குள் அமர்ந்து இலைகளைச் சேகரிக்கலாம், பறவைகளை எண்ணலாம், படம் வரையலாம். பத்து நிமிடத்தில், போரடிக்கிறது என்று குழந்தை சொல்லும். உடனே கைபேசியை நீட்டாமல் இன்னும் கால் மணி நேரம் பொறுத்தால், அதுவாகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துவிடும். மழை ஈரமிருந்தால் திரும்பியதும் கணுக்காலில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும்.

இரவில் கணப்பு மூட்டினால் வெளியே மட்டும் மூட்டுங்கள். கரி அடுப்பையோ பார்பிக்யூ சட்டியையோ, தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும், அறைக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய அறையில் தூங்குபவர்கள் எழாமலே போவார்கள். கொடைக்கானல் விடுதிகளிலேயே இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன.

படி 7: அவசரமும் திரும்புதலும்

108 எண்ணோடு, கொடைக்கானல் அரசு மருத்துவமனை, விடுதிக்காரர், உள்ளூர் ஜீப் ஓட்டுநர் ஒருவர் ஆகியோரின் எண்களையும் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் வரக் காத்திருப்பதா, நாமே கிளம்பி எதிரே போவதா என்பதை விடுதிக்காரரிடம் முதல் நாளே பேசி வையுங்கள். காய்ச்சலோடு மூச்சிரைப்போ, ஓயாத வாந்தியோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கொடைக்கானலிலிருந்து இறங்கும் வாகனங்கள் வரிசையில் நிற்கும் என்பதால், காலை எட்டு மணிக்கே குப்பையைப் பையில் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். இறக்கத்தில், ஏறும்போது பயன்படுத்திய அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். குறுகிய வளைவுகளில் மேலே ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும்.