28 வந்தால் கார்பன் மோனாக்சைடு என்று எழுதிவிடாதீர்கள்

சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் என்பதால் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு மின்முனையும் கரைசலும் தண்ணீர்பட்ட பாடு. வெற்றிடக் கலனுக்குள் உலோகப் படிகத்தில் வாயுவை ஒட்டவிட்டு, சூடேற்றி, கிளம்பி வருவதை, மூலக்கூறின் நிறையை எண்ணாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். வால்வை மூட மறப்பதெல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அதை விடுவோம். திரும்பத் திரும்ப நடக்கும் மற்ற தவறுகள் இவை.

28ஐ நம்புவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு தம்பி பிளாட்டினத்தில் கார்பன் மோனாக்சைடு வைத்து ஓட்டினான். வரைபடத்தில் இரண்டு மேடு. "சார், ரெண்டாவது மேடு படிகத்தோட படியோரம் சார், அங்கதான் இறுக்கமா ஒட்டும்" என்றான். மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பியாகிவிட்டது. படிகத்தின் முகத்தைத் திருப்பி வைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். முதல் மேடு சுருங்கியது, இரண்டாவது அசையவில்லை. அது படிகத்திலிருந்தே வரவில்லை, படிகத்தைப் பிடித்திருக்கும், மெதுவாகச் சூடான தாங்கியிலிருந்து வந்தது.

முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றாங்கட்டில் தாளிக்கும் நெடி வரும். எந்த அடுப்பு என்று மூக்குக்குத் தெரியாது. ஸ்பெக்ட்ரோமீட்டரும் அப்படித்தான். அதனால்தான் ஃபோய்ல்னர், மென்செல் என்ற ஆய்வாளர்கள் 1980இல் அதன் வாய்க்குச் சிறு துளையுள்ள மூடி போட்டார்கள். துளையைப் படிகத்துக்கு அருகே கொண்டுபோனால் மற்ற இடத்து வாயு பெரும்பாலும் வெளியே நின்றுவிடும்.

மூடி போட்டாலும் 28 யாருடையது என்ற கேள்வி தீராது. நைட்ரஜனுக்கும் 28தான், கார்பன் டைஆக்சைடு உடைந்தாலும் 28 வரும். கூடவே 12, 14, 44 மூன்றையும் பதிவு செய்யுங்கள். 14 சேர்ந்து எழுந்தால் நைட்ரஜன் என்று சந்தேகப்படுங்கள். காசு இருந்தால் கார்பன்-13 உள்ள கார்பன் மோனாக்சைடு வாங்குங்கள், அது 29இல் வரும். 29இல் கூட்டம் குறைவு.

அயன் கேஜ் எண்

கலனுக்குள் உள்ள அழுத்தத்தைக் காட்டும் இது, நைட்ரஜனுக்கு அளவு வைத்த கருவி. ஹைட்ரஜனை உள்ளதில் பாதிக்கும் குறைவாகவே காட்டும். திருத்தி எழுதுங்கள்.

தப்பி வரும் எலெக்ட்ரான்

ஸ்பெக்ட்ரோமீட்டரிலிருந்து தப்பும் எலெக்ட்ரான் படிகத்தில் ஒட்டியதைக் கலைக்கும். அதைத் திருப்பிவிட, படிகத்துக்கு மைனஸ் 100 வோல்ட். பேச்சே இல்லை.

ஐப்பசி மழையில் கலனைத் திறப்பது

வேண்டாம்.

ஒரே மேட்டில் ஆற்றல் கணக்கு

மேட்டின் உச்சி வெப்பநிலையிலிருந்து ஒட்டும் ஆற்றலைக் கணக்கிட ரெட்ஹெட் 1962இல் தந்த சமன்பாடு கைக்கு எளிது. ஆனால் மூலக்கூறு எத்தனை முறை கிளம்பப் பார்க்கும் என்பதற்கு, நொடிக்கு 10¹³ என்ற ஊகத்தைத்தான் பெரும்பாலும் அதில் போடுகிறோம். பெரிய மூலக்கூறுகளுக்கு அது பல மடங்கு தப்பும். கார்பன் மோனாக்சைடிலும் நெரிசல் கூடக் கூட மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளி, உச்சி குறைந்த வெப்பநிலைக்கு நகரும். டோஸை, அதாவது ஒட்டவிடும் வாயுவின் அளவை, மாற்றி மாற்றி ஓட்டி, வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகு ஆற்றலை எழுதுங்கள்.