தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து? முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு சின்ன புரோகிராம்

திருப்பாதிரிப்புலியூர். கடலூர் வழியாக ரயிலில் போகிறவர்கள் பார்க்கிற அதே பலகைதான். இதில் எத்தனை எழுத்து என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், 11 வரும். பைத்தான் 3-இல் நீளம் சொல்லும் லென் ஃபங்ஷனைப் போட்டுக் கேட்டால் 22 என்கிறது. சி மொழியில் அதே வேலைக்கான ஸ்டிரெலென் போட்டால், ஃபைலை யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்களாக எழுதிவைக்கும் ஒரு முறை) ஆகச் சேமித்திருக்கும் பட்சத்தில், 66. எதிலும் பிழை இல்லை, மூன்றும் வேறு வேறு பொருளை எண்ணுகின்றன, அவ்வளவுதான். லூப், இஃப், லிஸ்ட் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

படி 1: எதை எண்ணுகிறோம்?

கணினிக்கு 'பு' ஓர் எழுத்து இல்லை. 'ப' ஒன்று, பக்கத்தில் உகரக் குறி ஒன்று என்று இரண்டாகத்தான் யூனிகோடு (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம்) வைத்திருக்கிறது. மெய்யெழுத்தும் அப்படியே, 'ப்' என்றால் 'ப'வும் ஒரு புள்ளியும். இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை, அதன்மேல் உயிர் ஏறும். இங்கே அகரம் ஏறிய எழுத்தை அடிப்படையாக வைத்துவிட்டு மெய்க்குப் புள்ளியைத் தனியாக ஒட்டுகிறார்கள். இந்திய எழுத்துகளுக்கு இருந்த இஸ்கி 1988 முறையை ஒட்டி யூனிகோடு அமைந்ததால் வந்த ஏற்பாடு இது. தமிழ் வாத்தியார் பார்த்தால் கோபித்துக்கொள்வார், ஆனால் இனி மாறாது.

நம்ம ஊர்ப் பெயரில் 11 எழுத்திலும் ஏதாவது ஒரு குறி உண்டு, அதனால் 22. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 66. இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை: ஊர்ப் பெயருக்கு 20 இடம் மட்டும் ஒதுக்கிய படிவத்தில் இந்தப் பெயர் ஏறாது. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 குறிகள் பிடிக்கும், தமிழில் 70 தான், அதில் ஊர்ப் பெயரே 22-ஐ விழுங்கிவிடும்.

படி 2: குறியெண்களைக் கண்ணால் பாருங்கள்

பைத்தானில் ஆர்டு என்ற ஃபங்ஷனுக்கு ஒரு குறியை ('ப' போன்ற எழுத்தோ, புள்ளி போன்ற ஒட்டோ) கொடுத்தால் அதன் எண்ணைத் தரும். 'கடலூர்' என்ற சொல்லை ஃபார் லூப்பில் விட்டு ஒவ்வொன்றையும் பிரிண்ட் செய்தால் 2965, 2975, 2994, 3010, 2992, 3021 என்று வரும். 3010 ஊகாரக் குறி, 3021 புள்ளி. மனப்பாடம் வேண்டாம், இவ்வளவு தெரிந்தால் போதும்: 2947 ஆய்தம், 2949 முதல் 3001 வரை உயிரும் அகரம் ஏறிய எழுத்துகளும் (நடுவே சில காலி இடங்கள் உண்டு), 3006 முதல் 3021 வரை எழுத்தோடு ஒட்டும் குறிகள் (ஒட்டுக்குறிகள்). 3031-இல் ஔகாரத்தின் பின்பாதி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

படி 3: எழுத்துகளாகச் சேர்ப்பது

எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளாமல் எழுத்துகளையே ஒரு லிஸ்டில் சேர்ப்போம், பின்னால் உதவும்.

எழுத்துகள் = காலி லிஸ்ட்
சொல்லில் உள்ள ஒவ்வொரு குறிக்கும்:
எண் = ஆர்டு(குறி)
எண் 3006–3021 அல்லது 3031 என்றால்: லிஸ்டின் கடைசி உறுப்போடு ஒட்டு
இல்லையென்றால்: லிஸ்டில் புது உறுப்பாகச் சேர்

கட்டளைச் சொற்களைப் பைத்தானுக்கு நீங்களே மாற்றுங்கள், அதுதான் வீட்டுப்பாடம். 'எழுத்துகள்' என்ற பெயரை மாற்ற வேண்டியதில்லை, பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். கணினியில் தட்டுவதற்கு முன் 'கடலூர்' சொல்லை வைத்துத் தாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். க, ட, ல என மூன்று சேரும், நாலாவதாக வரும் ஊகாரக் குறி ல-வோடு ஒட்டி 'லூ' ஆகும், அப்புறம் ர, அதன்மேல் புள்ளி. லிஸ்டின் நீளம் 4.

சொல் ஓர் ஒட்டுக்குறியிலேயே தொடங்கினால்? லிஸ்ட் காலியாக இருக்கும்போது கடைசி உறுப்பைக் கேட்டால் புரோகிராம் நின்றுவிடும், ஆகவே ஒட்டுவதற்கு முன் லிஸ்ட் காலியா என்று பார்க்க ஓர் இஃப் வேண்டும். 'கடலூர் ஓ.டி.' என்று கொடுத்தால் இடைவெளியும் இரண்டு முற்றுப்புள்ளிகளும் சேர்ந்து 9 வரும். எழுத்து மட்டும் வேண்டுமென்றால் 2947-க்குக் கீழே உள்ளவற்றைத் தள்ளிவிடுங்கள், 6 கிடைக்கும்.

படி 4: விகடகவி சோதனை

திருப்பிப் படித்தாலும் அதே சொல்லா என்று பார்க்கும் பயிற்சி எல்லா பாடத்திட்டத்திலும் இருக்கும். 'விகடகவி'யை வழக்கம்போல ஸ்ட்ரிங்காகத் திருப்பினால் இகரக் குறி முதலில் வந்து நின்று, 'இல்லை' என்று பதில் வரும். ஸ்ட்ரிங்கை விட்டுவிட்டு நம்ம லிஸ்டைத் திருப்புங்கள்: வி, க, ட, க, வி. இப்போது 'ஆம்'.

இன்னொரு தொல்லை 'கொ'. ஒகரக் குறி ஒரே எண்ணாகவும் (3018) வரலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். நம்ம எண்ணிக்கை இரண்டிலும் சரியாக இருக்கும், ஆனால் இரண்டு சொற்களும் சமமா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்றுவிடும். ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடுடேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் வழியாக என்எஃப்சி வடிவுக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்து 'ஸ்ரீமுஷ்ணம்' கொடுத்துப் பாருங்கள். நாம் 5 என்று எண்ணுவோம், புரோகிராம் 6 சொல்லும், ஏனென்றால் அதற்கு 'ஸ்' வேறு, 'ரீ' வேறு. லிஸ்ட் முடிந்தபின் இன்னொரு லூப் போட்டு, 'ஸ்' பக்கத்தில் 'ரீ' இருந்தால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். சில விசைப்பலகைகள் ஸ-வுக்குப் பதில் ஶ போடும் (எண் 2998), அதையும் அதே இஃப்-இல் ஓர் 'ஆர்' போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.