மதுரையில் ஒருநாள் ரூம் போடுமுன்

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் தங்குவது வசதி. ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்து வந்துவிடலாம். கோயிலும் நடக்கிற தூரம்தான்.

ஆனால் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: "24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக்குக் காலி செய்யணுமா?" போன மாதம் நான் கேட்கவில்லை. விடியற்காலை 5 மணிக்கு ரூமுக்குள் போனேன். மதியம் 12 அடித்ததும் கதவைத் தட்டிவிட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை! பக்கத்து லாட்ஜில் 24 மணி நேரக் கணக்காம், அப்புறம்தான் தெரிந்தது.

ரூமைப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். முதலில் எனக்குக் கொடுத்தது லிஃப்டை ஒட்டிய ரூம். கதவு திறந்து மூடும் சத்தம் தலையணை வரை வந்தது. மாற்றித் தரச் சொன்னேன், முகம் சுளிக்காமல் பின்பக்கம் கொடுத்தார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும். விரிப்பும் சலவை மணத்தோடு சுத்தமாக இருந்தது. குழாயைத் திறந்து பாருங்கள், வெந்நீர் எத்தனை மணி வரை என்றும் கேளுங்கள். சில இடங்களில் காலையில் மட்டும்தான் வரும்.

கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. ரூமிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போனால் காப்பறை வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். சாவியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.