வற்புறுத்தினார், கட்டாயப்படுத்தினார், மிரட்டினார்: மனு எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்தக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவானாலும் சரி, விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு போகும் தாளானாலும் சரி, 'கட்டாயப்படுத்துகிறார்கள்' என்ற சொல் எப்படியும் வந்துவிடும். உரக்கடை, கொள்முதல் நிலையம், வட்டிக்குக் கொடுத்தவர், வரப்புத் தகராறு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். மனுவைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டியது யார் செய்தார், எதைச் சொல்லி நெருக்கினார், கடைசியில் நீங்கள் இணங்கினீர்களா என்பது. பொருந்தாத சொல்லைப் போட்டால் இவற்றில் ஏதோ ஒன்று மறைந்துவிடும்.

அதிகம் குழம்புவது வலியுறுத்தலும் வற்புறுத்தலும். வலி, வற்பு இரண்டுமே வலிமையைக் குறிப்பவை. சங்க அகப்பாடல்களின் பழைய துறைக்குறிப்புகளில் (பாட்டை யார், எந்தச் சூழலில் சொன்னார் என்று சொல்லும் குறிப்புகள்) தோழி தலைவியை வற்புறுத்துகிறாள் என்றால், தைரியம் சொல்லித் தேற்றுகிறாள் என்று பொருள். இன்றைய வழக்கு வேறு. கோரிக்கையை அழுத்திச் சொல்வது வலியுறுத்தல். மனமில்லாதவரை இணங்கும்படி நெருக்குவது வற்புறுத்தல். 'மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்க வலியுறுத்தி ஆர்ப்பாட்டம்' என்பது சரி. 'என் நிலத்தை எழுதித் தரும்படி வலியுறுத்தினார்' என்று எழுதினால், எதிராளி ஏதோ நியாயமான கோரிக்கை வைத்ததுபோல ஆகிவிடும்.

வற்புறுத்தினார் என்பது முயற்சியை மட்டும் சொல்லும், முடிவைச் சொல்லாது. 'எவ்வளவோ வற்புறுத்தியும் கையெழுத்துப் போடவில்லை' என்று சொல்கிறோமே, அதனால்தான். ஆகவே 'திரவ உரம் வாங்க வற்புறுத்தினார்' என்று நிறுத்திவிட்டால் நீங்கள் வாங்கினீர்களா என்று தெரியாது. 'யூரியா 2 மூட்டை கேட்டேன். திரவ உரம் 2 பாட்டில் எடுத்தால்தான் மூட்டை தருவேன் என்றார். வேறு வழியில்லாமல் எடுத்தேன், பில் நகல் இணைத்துள்ளேன்' என்று எழுதுங்கள். நெருக்கடியைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லாமலே நெருக்கடி முழுதாகத் தெரிகிறது. 'கம்பெல் பண்ணினார்' என்று பேச்சில் சொல்வதை மனுவில் இப்படித்தான் பிரித்து எழுத வேண்டும்.

விதியைக் கட்டாயமாக்குவார்கள், ஆளைக் கட்டாயப்படுத்துவார்கள். 'காப்பீட்டைக் கட்டாயப்படுத்தினார்கள்' என்று எழுதுவது இந்த இரண்டையும் கலப்பது. கலந்தால் நஷ்டம் உங்களுக்கே. பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குப் பிரதமர் பயிர்க் காப்பீடு முன்பு கட்டாயமாக இருந்தது. 2020 காரீஃப் பருவத்திலிருந்து விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆனால் வேண்டாம் என்பவர், காப்பீட்டில் சேரும் கடைசித் தேதிக்கு 7 நாட்களுக்கு முன்பே அதைக் கடன் கொடுத்த இடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிரீமியம் தானாகப் பிடிக்கப்படும். எழுதிக் கொடுக்காதவர் 'கட்டாயப்படுத்திப் பிடித்தார்கள்' என்றால் மனு நிற்காது. கொடுத்தவர், 'வேண்டாம் என்று இன்ன தேதியில் எழுதிக் கொடுத்தும் பிடித்துள்ளார்கள்' என்று எழுதி, ஒப்புகையையும் இணைத்தால் போதும். (கல்யாணத்துக்குக் 'கட்டாயம் வரணும்' என்று அழைப்பதில் வரும் கட்டாயம் வேறு. அது 'தவறாமல்' என்ற பொருளில் வரும் அன்பான சொல், அதை மாற்ற வேண்டியதில்லை.)

நிர்ப்பந்தம் பெரும்பாலும் சூழ்நிலையைக் குறிக்கும். 'கடன் நிர்ப்பந்தத்தால் நிலத்தை விற்றேன்' என்ற வாக்கியத்தில் குற்றம் செய்தவர் யாருமில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைப்பதற்காகக் குற்றச் செயலைச் செய்வதையோ செய்வதாக மிரட்டுவதையோ, சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பதையோதான் வற்புறுத்தலாகக் கொள்கிறது. வறுமை அதில் அடங்காது. யாராவது மிரட்டியிருந்தால் நிர்ப்பந்தம் என்று பூசாமல் 'இன்னார், இன்ன இடத்தில், இப்படிச் சொல்லி மிரட்டினார்' என்றே எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. செங்கல் சூளையிலோ, வாத்து மேய்ப்பிலோ, ஆட்டுக்கிடையிலோ முன்பணம் கொடுத்துவிட்டு, அது கழியும்வரை ஆளை வெளியே போகவிடாமல் வைத்திருந்தால், 'வேலை செய்யக் கட்டாயப்படுத்துகிறார்' என்று மெலிதாக எழுதாதீர்கள். அதற்குப் பெயர் கொத்தடிமை. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அந்தச் சொல் இருந்தால் மனு கோட்டாட்சியரிடம் விடுவிப்பு விசாரணைக்குப் போக வழி உண்டு; இல்லாவிட்டால் சாதாரணக் கூலித் தகராறாகப் படிக்கப்படலாம். முன்பணம் எவ்வளவு, எந்த மாதம் வாங்கியது, வேலையில் எத்தனை பேர், அதில் குழந்தைகள் உண்டா என்பதையும் சேருங்கள்.

அதேபோல வன்கொடுமை என்பதை எல்லாக் கொடுமைக்கும் போடக் கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கும் சொல் அது. அந்தச் சட்டம் பொருந்துபவர்கள் தயங்காமல் எழுத வேண்டும். பலாத்காரம் ஒருகாலத்தில் வெறும் பலப்பிரயோகத்தைக் குறித்தது. இன்று பாலியல் குற்றமாகவே படிக்கப்படும். 'பலாத்காரமாகக் கைரேகை வாங்கினார்' என்பதை 'கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக' என்று மாற்றிவிடுங்கள்.

எழுத்துப் பிழைகள் சில. ற் என்ற மெய்யை அடுத்துப் புள்ளி வைத்த இன்னொரு வல்லின மெய் வராது; ஆகவே வற்புறுத்து, 'வற்ப்புறுத்து' அல்ல. 'வர்புறுத்து' என்பதும் பிழை. ர் என்ற மெய்க்குப் பின் அப்படி வரலாம்; நிர்ப்பந்தம் என்பதில் ப் உண்டு. கட்டாயப்படுத்து ஒரே சொல், நடுவில் இடைவெளி வேண்டாம். 'எனக்கு வற்புறுத்தினார்' தவறு, 'என்னை' என்பதே சரி.

கடைசியாக, 'கையெழுத்திட வற்புறுத்தப்பட்டேன்' என்ற செயப்பாட்டு வாக்கியம். பலர் இதைக் கௌரவமான நடை என்று நினைக்கிறார்கள். ஆனால் செய்தவர் பெயர் அதில் காணாமல் போகிறது. 'இன்னார் என்னை வற்புறுத்தி, எழுதாத 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்' என்று எழுதினால், விசாரிப்பவருக்கு யாரைக் கூப்பிட்டு எந்தத் தாளைக் கேட்பது என்று தெரியும்.