படம் தெளிவு, வீச்சு பொய்

வட கடலின் டச்சுப் பகுதியில் உள்ள எஃப்3 என்ற எண்ணெய்-வாயு ஆய்வுத் தொகுதியின் முப்பரிமாண நில அதிர்வுத் தரவில் (அலை அனுப்பி, அதன் எதிரொலியில் எடுத்த நிலத்தடிப் படம்) இரைச்சல் எவ்வளவு என்று பார்க்க உட்கார்ந்தேன். அடுக்குகள் தெளிவாகவே தெரிந்தன. ஆனால் அதிர்வெண் நிறமாலை, 4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எடுத்த மாதிரிக்கு எல்லையான 125 ஹெர்ட்ஸ் வரை சரியாக இறங்காமல் நீண்டது, அங்கே துளைத்த கிணற்றுக்குள் அளந்த பதிவோடும் ஒட்டவில்லை.

வடிகட்டினேன், அப்புறம் ஃபேஸை, அதாவது அலையின் கட்டத்தை, திருப்பிப் பார்த்தேன், மூன்று நாள் போனது. கடைசியில் வீச்சுகளுக்கு, அதாவது எதிரொலியின் வலிமை எண்களுக்கு, ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை முறை என்ற வரைபடம்) போட்டால் சீப்புப் பல் மாதிரி நடுநடுவே இடைவெளி! நிலத்தடிப் பாறை அப்படி எதிரொலிக்காது. என்னிடம் இருந்த செக்-ஒய் (நில அதிர்வுத் தரவுக்கான கோப்பு வடிவம்) நகலின் தலைப்பில் 3225-3226ஆம் பைட்டுகளில் 5, அதாவது எண்கள் ஐஇஇஇ தசம வடிவத்தில் இருப்பதாகக் குறிப்பு. உள்ளே இருந்ததோ ஐபிஎம் ஃப்ளோட் என்ற வேறு தசம வடிவம், அதற்கு 1 இருக்க வேண்டும். மாற்றி ஏற்றியதும் பற்கள் மறைந்தன, கிணறும் பொருந்தியது. அப்பாடா.