ஊரில் இருக்கும் சீதன வீடும் ஹாரோவில் வாங்கும் வீடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு மாலையில் என் மைத்துனரின் மகனும் அவனுடைய மனைவியும் வீட்டுக்கு வந்து, லண்டன் ஹாரோவின் ரெயினர்ஸ் லேனில் தாங்கள் பார்த்த ஒரு வீட்டின் படங்களைத் தொலைபேசியில் காட்டினார்கள். முன்பக்கம் வளைந்த ஜன்னல், சிறிய தோட்டம், 1930களில் மெட்ரோபொலிற்றன் ரயில் பாதையை ஒட்டி வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்று. "அமைதியான தெரு மாமா, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம், ஒரு சத்தமும் இல்லை" என்றான். 2018ஆம் ஆண்டு இதே வசனத்தை நான் என் அண்ணரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் அடுத்தடுத்துச் சொன்னவற்றிலும் என் பழைய தவறுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

முற்பணம் சேர்ப்பது, கடன் மதிப்பெண்ணைக் கெடுக்காமல் வைத்திருப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்வார்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெருவை ஞாயிறு காலையில் மட்டும் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு இங்கிலாந்தின் எந்தக் குடியிருப்புத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். நாங்கள் வாங்கிய வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி ஓர் ஆரம்பப் பாடசாலை இருந்ததைக் கண்டு, பிள்ளைகளுக்கு வசதி என்று மகிழ்ந்தோமே தவிர, வார நாட்களில் காலை எட்டரைக்கும் பிற்பகல் மூன்றேகாலுக்கும் எங்கள் வாசலை மறித்துக் கார்கள் நிற்கும் என்று நினைக்கவில்லை. வெம்பிளிப் பக்கம் வாங்க நினைப்பவர்கள், விளையாட்டரங்கில் நிகழ்ச்சி நடக்கும் நாளொன்றில் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தொண்ணூறாயிரம் பேர் கொள்ளும் அரங்கு என்பதால், அந்த நாட்களில் சுற்றியுள்ள தெருக்களில் அனுமதிச் சீட்டு இல்லாத கார்களை நிறுத்த முடியாது. வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் அதே விதிதான்.

"வேறு வீடு உண்டா?" என்ற கேள்விக்கு இங்கிலாந்தை மட்டும் நினைத்துப் பதில் எழுதுவது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

வீட்டின் விலை 465,000 பவுண். முதல் வீடு வாங்குபவர்களுக்கு, வீடு வாங்கும்போது கட்டும் வரியான முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு என்பது எனக்குத் தெரிந்திருந்தது: 300,000 பவுண் வரை வரி இல்லை, அதற்கு மேல் 500,000 வரை ஐந்து சதவீதம். அந்தக் கணக்கின்படி எங்கள் வரி 8,250 பவுண். எங்கள் சட்டத்தரணியான சொலிசிட்டர் அனுப்பிய படிவத்தில் முன்னர் வீடு வைத்திருந்தீர்களா என்று கேட்கப்பட்டிருந்த இடத்தில், இந்த நாட்டில் எமக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை என்ற நிச்சயத்தோடு இல்லை என்று எழுதினேன். மனைவியும் கையொப்பமிட்டார்.

ஒப்பந்தம் பரிமாறப்பட்டு, அதாவது இரு தரப்பும் கட்டுப்பட்டு, விலையின் பத்து சதவீதமான 46,500 பவுண் கைமாறிய பிறகு, சொலிசிட்டரின் உதவியாளர் வரிப் படிவத்தை நிரப்புவதற்காக மீண்டும் தொலைபேசியில் கேட்டார். இம்முறை "உலகில் எந்த இடத்திலாவது" என்ற சொற்கள் கேள்வியில் இருந்தன. அப்போதுதான் மனைவி, திருமணத்தின்போது தன்னுடைய பெயருக்கு உறுதி எழுதிக் கொடுக்கப்பட்ட யாழ்ப்பாணத்து நல்லூர் வீட்டைப் பற்றிச் சொன்னார். சீதனமாக வந்த அந்த வீட்டில் மாமியாரும் மனைவியின் தங்கையும் இருந்தார்கள். அது எங்கள் வீடு என்ற எண்ணமே எங்கள் இருவருக்கும் இருந்ததில்லை.

சட்டத்துக்கு அந்த எண்ணம் தேவையில்லை. முதல் வீட்டுச் சலுகை பெற வேண்டுமானால், சேர்ந்து வாங்கும் இருவரில் ஒருவர்கூட உலகில் எங்கும், விலைக்கோ அன்பளிப்பாகவோ வாரிசு உரிமையாகவோ, ஒரு குடியிருப்பு வீட்டை எப்போதும் பெற்றிருக்கக் கூடாது. பெற்ற வீட்டைப் பின்னர் விற்றிருந்தாலும் சலுகை கிடையாது. 300,000 பவுணுக்கும் 500,000 பவுணுக்கும் இடைப்பட்ட வீட்டில் இதனால் ஏற்படும் இழப்பு எப்போதும் 5,000 பவுண்தான். ஆகவே எங்கள் வரி 13,250 ஆனது. அதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வீடு கைக்கு வரும் நாளின் முடிவில் 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் பெறுமதியான வேறொரு வீடும் உங்களுக்குச் சொந்தமாக இருந்தால், முழு விலைக்கும் மேலதிக வரி விழும். அன்று அது மூன்று சதவீதம், அதாவது மேலும் 13,950 பவுண். மொத்தம் 27,200. பின்வாங்கினால் 46,500 போய்விடும் என்பதால், மூன்று வாரத்தில் சீட்டை எடுத்தும் அண்ணரிடம் கைமாற்று வாங்கியும் கட்டினோம்.

எரிச்சலுக்குக் காரணம் கட்டிய பணம் மட்டுமன்று. அந்த வீட்டைத் தங்கைக்கு எழுதிக் கொடுப்பதாக மனைவி முன்பே முடிவு செய்திருந்தார். அடுத்த ஆண்டு ஊருக்குப் போனபோது நொத்தாரிசிடம் எழுதியும் கொடுத்தார். அந்த உறுதி ஓராண்டு முன்னால் முடிந்திருந்தால் 13,950 பவுண் மிஞ்சியிருக்கும். 2024 ஒக்டோபர் 31 முதல் இந்த மேலதிக வரி ஐந்து சதவீதம். இன்று அதே விலைக்கு வாங்கினால் 23,250 பவுண் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

கல்யாண வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் வைத்தியம், வீட்டைக் கணவனின் பெயரில் மட்டும் வாங்கிவிடு என்பது. சேர்ந்து வாழும் கணவன் மனைவியை மேலதிக வரிக்கு ஒரே அலகாகவே பார்க்கிறார்கள். மனைவியின் பெயரில் வீடு இருக்கும்வரை அந்த வைத்தியம் பலிக்காது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்பது இன்னொரு யோசனை. வரிப் படிவம் உண்மை என்று உறுதியளிப்பவர் நீங்கள். பின்னர் வெளிப்பட்டால் வரியோடு வட்டியும் தண்டமும் சேரும்.

வெறும் காணி வீடாகாது, அதனால் அஞ்ச வேண்டியதில்லை. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரிசாக வந்த, பாதிக்கு மேற்படாத பங்கும் மேலதிக வரிக்குக் கணக்கில் வராது, ஆனால் முதல் வீட்டுச் சலுகையை அதுவும் பறித்துவிடும். பெற்றோருக்குச் சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதிய உறுதியாக இருந்தால், வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சொலிசிட்டரிடம் மட்டுமல்லாமல் முத்திரைத் தீர்வை தெரிந்த வரி ஆலோசகரிடமும் காட்டுங்கள். மைத்துனரின் மகன் இதைக் கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான். அவளுக்குக் கொக்குவிலில் ஒரு வீடு இருக்கிறது.

மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கொடுப்பவரின் மதிப்பீட்டை வீட்டுப் பரிசோதனை என்று நம்புவது

அது வங்கியின் பணத்துக்குக் காவல். உங்கள் கூரைக்கு அல்ல.

மாடி அறையை எண்ணி விலை பேசுவது

நான்கு படுக்கையறை என்று விளம்பரத்தில் இருக்கும். நான்காவது அறை கூரைக்கடியில் இருக்கும். அந்த லொஃப்ட் மாற்றத்துக்குக் கட்டட விதிகளின்படி வழங்கப்பட்ட நிறைவுச் சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழ் இல்லையென்றால் ஒரு காப்புறுதி எடுத்துத் தருகிறோம் என்பார்கள். உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் அந்தக் காப்புறுதி பணம் தரலாம். பாரம் தாங்காத மரச்சட்டங்களையும் தீப்பிடித்தால் இறங்கி ஓட வழியில்லாத படிக்கட்டையும் அது திருத்தாது. சான்றிதழ் இல்லாத அறையைச் சாமான் வைக்கும் இடமாகக் கருதி விலை சொல்வதே சரி.

விலை ஒத்துக்கொண்டதும் பால் காய்ச்ச நாள் பார்ப்பது

இங்கிலாந்தில் ஒப்பந்தம் பரிமாறப்படும்வரை இரு தரப்புக்கும் கட்டுப்பாடு இல்லை. நாங்கள் முதலில் விலை பேசிய வீடு, ஐயரிடம் நாள் குறித்த பிறகு, ஐயாயிரம் பவுண் கூடக் கொடுத்த இன்னொருவருக்குப் போனது.

பொதுச் சுவரில் கேட்காமல் துளையிடுவது

பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீட்டில் அந்தச் சுவர் இருவருக்கும் உரியது. உத்திரம் செருகவோ உயர்த்தவோ வேண்டுமென்றால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடிதம் அனுப்புமுன் ஒருமுறை கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.

முன் தோட்டத்தைக் கொங்கிரீட்டால் மூடுவது

கார் நிறுத்த இடம் வேண்டும் என்று வீடு வாங்கிய முதல் கோடையிலேயே நம்மவர்கள் செய்வது இது. 2008 ஒக்டோபர் முதல், ஐந்து சதுர மீட்டருக்கு மேல் நீர் உறிஞ்சாத தளம் போட்டு, மழைநீரைச் சொந்த மண்ணுக்குள் வடியவிடாமல் தெருவுக்கு விட்டால், திட்டமிடல் அனுமதி தேவை. கார் ஏறும்படி நடைபாதை விளிம்பைத் தாழ்த்துவதற்குக் கவுன்சிலின் அனுமதி தனி. எங்கள் தெருவில் ஒருவர் முதலில் தளத்தைப் போட்டுவிட்டுப் பிறகு விளிம்புக்கு விண்ணப்பித்தார். வாசலில் தெருமரம் நின்றதால் கவுன்சில் மறுத்துவிட்டது. ஆறு வருடமாக அந்தக் கொங்கிரீட்டின் மேல் குப்பைத் தொட்டிகள் நிற்கின்றன. கார் தெருவில் நிற்கிறது.