பழைய கோப்பை விழுங்கும் ஸ்கிரிப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குக் காவடிப் பதிவுப் பட்டியலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். யார் காவடி, யார் பால்குடம், எத்தனை மணிக்கு என்று இணையப் படிவத்தில் வரும் விவரங்களை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) தினமும் விடியற்காலையில் எடுத்து ஒரே கோப்பில் எழுதி வைக்கும். 2023-இல் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு, கடுமையாக இருந்தது. தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால், ஸ்கிரிப்ட் ஓடுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, ரவுட்டருக்கு இல்லை. காலையில் தொண்டர்கள் அச்சுப் பிரதி கேட்டு நின்றபோது திறந்து பார்த்தால் கோப்பின் அளவு 0. நேற்றைய பட்டியல் இருந்தாலே வேலை நடந்திருக்கும். அதுவும் இல்லை.

காரணம், நாம் யோசிக்காமல் போடும் ‘>’ குறி. ஷெல்லில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் இடத்தில், வெளியீட்டைக் கோப்பில் எழுத அதைப் போட்டால், கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே அந்தக் கோப்பு காலியாகிவிடும். அப்புறம் ஸ்கிரிப்ட் தோற்றால் புதியதும் கிடையாது, பழையதும் கிடையாது. அதனால் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிந்ததா, கோப்பில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சரி என்றால், பழையதைத் தேதியிட்ட பெயரில் நகல் எடுத்துவிட்டு, புதியதைப் பெயர் மாற்றி அதன் இடத்தில் வையுங்கள். தற்காலிகக் கோப்பு அதே ஃபோல்டரில் இருப்பது முக்கியம். ஒரே டிஸ்க்குக்குள் பெயர் மாற்றம் ஒரே நொடியில் முடிகிற காரியம். வேறு டிஸ்க்கிலிருந்து என்றால் அது நகலெடுத்து அழிக்கும் வேலையாகிவிடும், நடுவில் கரண்ட் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும்.

லினக்ஸில் பெயர் மாற்றும் எம்வி (mv) கட்டளைக்கே பேக்கப் வசதி உண்டு. எண்ணிட்டு வைக்கச் சொன்னால், பழையவை பெயரின் கடைசியில் .~1~, .~2~ என்று தானாகவே சேரும். மேக்கில் வரும் எம்வியில் இது இல்லை.

தேதியை 2023-02-01 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதுங்கள், அகரவரிசையே கால வரிசையாகிவிடும். விண்டோஸின் தென்னாப்பிரிக்கத் தேதி அமைப்பிலும் ஆண்டு முதலில்தான், ஆனால் நடுவில் ‘/’ வரும். அங்கே கணினியின் தேதியை அப்படியே கோப்புப் பெயரில் ஒட்டினால் அந்தச் சாய்கோடு ஃபோல்டர் பிரிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். நேரத்தில் வரும் ‘:’ குறியையும் விண்டோஸ் ஏற்காது.

பெரிய ஆபத்து சேமிப்பதில் இல்லை, அழிப்பதில் இருக்கிறது. ‘கடைசி ஏழு பிரதி போதும்’ என்று வைத்தீர்கள். ஒரு வாரம் தொடர்ந்து இணையம் சொதப்புகிறது. ஏழு வெற்றுக் கோப்புகள் சேர்ந்து ஏழு நல்ல பிரதிகளையும் வெளியே தள்ளிவிடும். சோதனையில் தேறாத கோப்பு வரிசையில் சேரவே கூடாது. முந்தையதிலிருந்து ஒரு எழுத்துகூட மாறாத கோப்புக்கும் தனிப் பிரதி வேண்டாம்.

‘30 நாளுக்கு மேற்பட்டதை அழி’ என்பது இன்னும் மோசம். காவடி முடிந்ததும் என் ஸ்கிரிப்டை நிறுத்திவிடுவேன், புரட்டாசி விரதப் பதிவுக்குத்தான் மறுபடி ஓடும். துப்புரவு வேலையோ தனியாகத் தினமும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டே மாதத்தில் ஒரு பிரதிகூட மிஞ்சாது. வயதைப் பார்த்து அழித்தாலும், குறைந்தது பத்துப் பிரதியைத் தொடாதே என்று அதற்குச் சொல்லி வையுங்கள். பிரதிகள் எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருந்தால் டிஸ்க் போனால் எல்லாம் போகும். வாரம் ஒரு முறையாவது வேறிடத்துக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, என் ஒரு மாலையைத் தின்ற சின்ன விஷயம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான் (cron) அட்டவணையிலேயே தேதிக் கட்டளையை நேராக எழுதினால், ‘%’ குறியை க்ரான் வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். கையால் ஓட்டினால் ஓடும், இரவில் ஓடாது. முன்னால் ‘\’ போடுங்கள், அல்லது தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வையுங்கள்.